நிறம்

பூனை சாம்பல்தான். புத்தகத்தில் நீலம்.
சங்கத்தில் சேர்ந்ததும் இதைத்தான் முதலில் பழகினேன்:
செம்பட்டை என்றால் சிவப்பு,
செம்பட்டை வெளிறினால் கிரீம்,
சாம்பலில் கொஞ்சம் ரோஜா கலந்தால் லைலாக்.
கண்ணை விட்டுவிடு, அட்டவணையைப் பிடி என்று
யாரும் சொல்லித்தரவில்லை. தானாக வந்துவிட்டது.
போன நவம்பரில் லியபாயாக் கடற்கரையில்
"இன்று கடல் நல்ல நீலம்" என்றேன்.
கூட நடந்தவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

விஸ்மா வளர்ப்பது ரஷ்ய நீலம்.
இவன் நான்காவது ஈற்று.
காகிதத்தில் நான்கு சொல் நீளத்துக்கு ஒரு பெயர்,
அதன் கீழே கிளை பிரிந்து ஐந்து தலைமுறை,
அத்தனை பேரும் நீலம்.
வீட்டில் மிக்லா. மூடுபனி என்று பொருள்.

கண்காட்சிக்கு முந்தின இரவு
யெல்காவாவில் மலிவான விடுதி, ஓர் அறை, இரண்டு கட்டில்.
குளியலறைத் தரையில் துண்டை விரித்து
அவனை மல்லாத்தினாள்.
டார்ச் பிடித்தது நான்.
தொண்டைக்குக் கீழே, கட்டைவிரல் நகமளவு
வெள்ளை.
எண்ணினோம்.
"பதினேழு மயிர்," என்றாள் விஸ்மா,
"பதினேழு மயிருக்காகவா நூறு மதிப்பெண்ணும் போகும்?"
புருவம் திருத்தும் இடுக்கியைச் சுடுதண்ணீரில் கழுவினாள்.

காகிதம் ஐந்து தலைமுறையோடு நின்றுவிடுகிறது.
ஆறாவதில் எவளோ ஒருத்தி
எந்தக் கூரைமேல் எவனோடு போனாளோ.

எட்டு வரை பொறுத்தான், உறுமல்கூட இல்லை.
ஒன்பதாவதில் கடித்தான்.
அவளை அல்ல, டார்ச் பிடித்த கையை.
பிளாஸ்டர் தேடி அவள் பையைத் திறந்தேன்.
அடியில் அவள் தலைக்கான சாயப் பெட்டி,
அட்டையில் கஷ்கொட்டை நிறக் கூந்தலோடு ஒரு பெண் சிரித்தாள்.
மூடிவிட்டேன்.
மிச்சம் எட்டையும் முடிக்க மணி ஒன்றானது.

காலையில் விளையாட்டரங்கம்.
கூடைப்பந்துக் கோடுகளின் மேல் கூண்டுகள்,
ரப்பர் வாடையும் சூரைமீன் வாடையும்.
நடுவர் டோர்ஸ்டி, ஓவுலுக்காரர், நாள் முழுக்கப் பேசாதவர்.
மேஜைக்குப் பூனைகளைத் தூக்கிப்போவது என் வேலை.
நூற்றுப்பன்னிரண்டாம் எண்ணை நான்தான் தூக்கிப்போனேன்.
தாடையைப் பார்த்தார், வாலை நீவினார்,
விளக்குக்கு நேரே உயர்த்தி
மார்பில் மெல்ல ஊதினார்.
ரோமம் இரண்டாகப் பிரிந்தது.
வெள்ளை இல்லை.
இருந்த இடத்தில் பொடிப்பொடியாகச் சிவப்பு.
புத்தகச் சிவப்பல்ல. சிவப்பு.

என் விரல் பிளாஸ்டரை ஒருமுறை பார்த்தார்.
பிறகு எழுதினார். தலைகீழாகவே படித்துவிட்டேன்:
தலை மிக நன்று. கண் பச்சை, இன்னும் ஆழப்படும்.
நிறம் சீர்.
மார்புக்கு ஓய்வு தேவை.
ரிப்பன் கொடுக்கவில்லை. புகாரும் கொடுக்கவில்லை.
திரும்பும் ரயிலில் விஸ்மா
அந்தத் தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

ஆறு வாரத்தில் முளைத்துவிட்டது.
இந்த முறை இருபத்தொன்று.
தொலைபேசியில் எண்ணிக்கையை மட்டும் சொன்னாள்.
கருத்தடை செய்து, பாதி விலைக்கு,
'இனப்பெருக்கத்துக்கு அல்ல' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு
டிராம் ஓட்டும் ஐவிஸுக்குக் கொடுத்தாள்.

எங்கள் ஊரில் டிராமுக்கு ஒரே தடம்.
அதனால் அவனைப் பார்க்காமல் இருக்க முடியாது.
"முதல் நாள் பால் சிந்தியிருக்கிறது என்று துடைத்தேன்," என்றான்.
"போகவில்லை. மறுநாளும் துடைத்தேன்.
அவன் தாடையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தான்,
சுகமாக இருந்திருக்கும் போல. இப்போது தினமும் துடைக்கிறேன்."

முன்இருக்கைக் கிழவர் திரும்பினார்:
"என்ன நிறப் பூனை?"
"சாம்பல்," என்றான் ஐவிஸ்.

நான் திருத்த வாயெடுத்தேன்.
கதவு திறந்தது. என் நிறுத்தம்.