கைச்சுமை உட்பட

தராசு என்று சொன்னால் பெரிய வார்த்தை.
சரளை ஓடுபாதையின் ஓரம்
தகரக் கொட்டகைக்குள் ஓர் எடைமேடை, முள் வைத்தது.
பதினோரு வருடமாக இதன் பக்கத்தில் நிற்கிறேன்.
பெயர் வெர்னா. சட்டையில் தைத்திருப்பது டோனி.
டோனி வேலையை விட்டுப் போய்விட்டான்,
சட்டை நல்ல சட்டை.

உள்ளே வருவதை எழுதுவேன்.
பால், பன்னிரண்டு பெட்டி.
(ஒரு குடுவை பத்தொன்பது டாலர்.
கடையில் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.)
குடிதண்ணீர்ப் புட்டிகள், ஒரு வண்டி.
நாலு பக்கமும் ஏரி எங்களுக்கு.
கொதிக்க வைத்துக் குடிக்கவும் என்ற தாள்
கதவில் ஒட்டி இது ஏழாவது குளிர்காலம்.
எழுத்து வெளுத்துப் போயிற்று,
உத்தரவு வெளுக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு ஒரு புதிய நர்ஸ்.
பல் மருத்துவர் மேகத்துக்குள்ளேயே இரண்டு சுற்று சுற்றி
திரும்பிப் போனார்.
கீழே பதினான்கு பேர்
கன்னத்தைப் பிடித்தபடி
அந்தச் சத்தத்தை அண்ணாந்து பார்த்தோம்.

வெளியே போவதை எழுதுவது வேறு.
ஹோரஸ் வாபனோ, டயாலிசிஸ், தொண்ணூற்றிரண்டு கிலோ
என்று எழுதியது மூன்று வருடம் முன்பு.
போன கோடையில் நாலு நாள் வந்துவிட்டுத் திரும்பும்போது
அறுபத்தெட்டு.
"மிச்சத்தை நகரத்தில் வைத்திருக்கிறேன்" என்றார்,
"வாடகைதான் அதிகம்."

ஷைலின் புறப்பட்டது ஜனவரி எட்டு.
மைனஸ் நாற்பத்தொன்று.
தேதிக்கு ஒரு மாதம் முன்பே அனுப்பிவிடுவார்கள்,
இங்கே யாரும் பிறப்பதில்லை இப்போது.
என் மகள், அவள் தோழிகள், ஷைலின், எல்லோருக்கும்
சான்றிதழில் பிறந்த ஊர்
தெற்கே எழுநூறு கிலோமீட்டரில்
ஒரே தெரு, ஒரே கட்டடம்.

துணைக்கு ஒருவர் போகலாம்.
அவளுடைய கிளிஃபர்ட் ஆற்றின்மேல் நின்று
பனிக்கட்டிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான்.
இந்த வருடம் உறைவதற்கே ஆற்றுக்கு மனமில்லை,
அங்குலம் அங்குலமாகத் தடிக்க வைக்க வேண்டும்.
பனிச்சாலை பிடிக்காவிட்டால் லாரி வராது,
மார்ச்சில் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்காது.
தனியாக வந்தாள்.

ஒன்பது கிலோ கூடுதல் என்றான் விமானி, புதுப் பையன்.
பையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தாள்:
ஷாம்பு, இரண்டு ஸ்வெட்டர், போர்வை.
இறகு பறித்து உறைய வைத்த காட்டு வாத்து ஒன்று இருந்தது.
அதைத் தொட்டாள், எடுக்கவில்லை.
ஆஸ்பத்திரியில் எல்லாமே அட்டை ருசி என்று
இதற்கு முன் போனவர்கள் சொல்லியிருப்பார்கள்.

என் மகளுக்கு மூஸ் இறைச்சி ஒரு பெட்டி,
ஏற்கெனவே ஏற்றியாகிவிட்டது.
போய் இறக்கினேன். ஒன்பதரை.
அந்தப் பெட்டி இறங்குவது அது மூன்றாவது தடவை.
ஷாம்பு, ஸ்வெட்டர், போர்வை எல்லாம்
திரும்பப் பைக்குள் போயின.
அவள் ஒன்றும் சொல்லவில்லை, மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.
குளிரில் எல்லோருக்கும் மூக்கு ஒழுகும்.

பிப்ரவரி கடைசியில் வந்து இறங்கினாள்.
இறங்குபவர்களை எடை போட வேண்டியதில்லை.
"போட்டுப் பாரேன்" என்றாள்.
மேடைமேல் என் கோட்டை விரித்து
முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து
பொதியை நடுவில் கிடத்தினோம்.
இது டிரம்மும் மாவு மூட்டையும் நிறுக்கும் மேடை.
முள் சிலிர்த்தது, நகரவில்லை.
அவன் கொட்டாவி விட்டான்.

எங்கள் பேச்சில்
வருகிறவருக்கும் போகிறவருக்கும் ஒரே சொல்.
வாச்சியே, என்றேன்.
முதல் தடவையாக அதை
வருகிற ஆளுக்குச் சொல்கிற மாதிரி இருந்தது.

கிளிஃபர்ட் இன்னும் சாலையில்தான்.
வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன், இரைச்சல்,
பிறகு அவன் குரல்:
"முதல் லாரி தாண்டிவிட்டது. யார் அழுவது அங்கே?"

திரும்பும் விமானத்தில் இடமிருக்கிறது என்றான் பையன்.
பெட்டியைத் தூக்கி மேடையில் வைத்தேன்.
எட்டு.
ஒரு பொட்டலம்
ஷைலினின் பைக்குள் போயிருந்தது.