எட்டரை வண்டி

எட்டரை வண்டியில் ஏறு, வயிரவா.
ஏழரையில் கூட்டம். ஒன்பதரையில் வெயில்.
காரைக்குடி புது பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பும்போதே
ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறவர்களோடு
மல்லுக்கு நிற்காதே.
தேனப்பனைக் கண்டக்டர் கண்ணில் படும்படி
தூக்கிப் பிடி, போதும்.

இடப்பக்கம் உட்கார்.
வடக்கே போகிற வண்டி,
காலை வெயில் வலப்பக்கத்தை வறுக்கும்.
சக்கரத்துக்கு மேல் வேண்டாம்.
கடைசி சீட் வேண்டவே வேண்டாம்:
போன தடவை கீரனூர் தாண்டி
உமையாள் உன் சட்டைப் பைக்குள்ளேயே
வாந்தி எடுத்தாளே.

ஜன்னலோரம் அவளுக்கு.
கையை வெளியே நீட்டினால் கத்தாதே.
"எத்தனை ஆடு?" என்று கேள்.
எண்ணுவதற்கு விரல் வேண்டும்,
கை தானாக உள்ளே வந்துவிடும்.

பெரிய பை மேலே. சின்னது மடியில்.
அதில் மூன்று டயப்பர்
(நீ மூன்றுதான் எடுப்பாய் என்று தெரியும்,
நாலாவது பக்கவாட்டு ஜிப்பில்),
ஈரத்துணி, காலி கவர் ஐந்து,
உமையாளுக்கு மாற்று கவுன்,
உனக்கும் ஒரு சட்டை.
எனக்கு மாற்றுச் சேலை எடுக்க
எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

பாலைக் கலந்து கொண்டுபோகாதே,
இந்தச் சித்திரையில் திருச்சிவரை தாங்காது.
வெந்நீர் பிளாஸ்கில், பொடி டப்பாவில்.
எவ்வளவு என்று டப்பாவில் கோடு போட்டிருக்கிறேன்.
ஒரு சொட்டு மணிக்கட்டில் விட்டுப் பார்.
உன் மணிக்கட்டுக்கு எதுவும் சுடாது,
அதனால் இரண்டு நிமிடம் கூடக் காத்திரு.

உன் அக்கா கட்டிக்கொடுத்த கந்தரப்பத்தை
பஸ்ஸில் பிரிக்காதே.
முதலில் கை, அப்புறம் சீட்,
அப்புறம் முன்சீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டை.
சீப்புச் சீடை கொடு, ஒவ்வொன்றாக,
தேனப்பனுக்கு எட்டாத கையில் வைத்து.
அவன் இப்போது உலகத்தையே
வாயில் வைத்துத்தான் படிக்கிறான்.

"அம்மா வரலையா?" என்று கேட்பார்கள்.
ஒருத்தர் விடாமல் கேட்பார்கள்.
"பேப்பர் திருத்துறா" என்று சொல்.
பாதி பேர் உனக்காக இரக்கப்படுவார்கள்.
வாங்கிக்கொள், பை இறக்க உதவும்.
தனியாக இதே வண்டியில் பன்னிரண்டு தடவை போயிருக்கிறேன்,
அப்பா வரலையா என்று
ஒருவரும் கேட்டதில்லை.

திருமயம் கோட்டை வரும்போது
உமையாள் தூங்கினால் எழுப்பாதே.
பார்க்கவில்லையே என்று புதுக்கோட்டையில் அழுவாள்.
அழட்டும்.
எழுப்பினால் இரண்டும் அழும்,
நீயும் சேர்ந்துகொள்வாய்.

அழுதால் முதலில் பசியா பார்,
பிறகு ஈரமா, பிறகு காற்றா.
மூன்றும் இல்லையென்றால்
ஒன்றும் செய்யாதே. நெஞ்சோடு வைத்திரு.
மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்க்கும்,
நீ ஜன்னலைப் பார்.
இது நான் மெதுவாகக் கற்றுக்கொண்டது.

போன் பண்ணாதே.
முகாம் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.
ஒன்பதே காலுக்கு அவன் பசித்து அழுவான்,
எனக்குத் தெரிந்துவிடும்:
கட்டுக் கட்டாய் விடைத்தாளுக்கு நடுவே
என் ரவிக்கை நனையும்.
கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை,
நீங்கள் திருமயத்துக்குப் பக்கத்தில்.
சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு
அடுத்த பக்கம் புரட்டுவேன்.

பதினொன்றரைக்கு
திருச்சியில் இறங்கியிருப்பீர்கள்.
இறங்கினீர்களா என்று எனக்குத் தெரியாது,
இறங்கியதாக வைத்துக்கொள்வேன்.
அந்நேரம் என் கையில் எவன் தாள் இருக்கிறதோ,
விடைக்குப் பக்கத்தில் வந்து
தவறவிட்ட ஏதோ ஒரு பையன்,
அவனுக்கு அரை மதிப்பெண்
கூட விழும்.