மறுகா

வாழைச்சேனைத் துறைமுகத்தில்
எனக்குப் பெயர் குகதாசன்.
ஐஸ் உடைக்கிற வேலை.
விடியப்புறம் போட் வரும். சூரை, பாரை, தளப்பத்து,
பெட்டிக்கு மூன்று அள்ளு.
லொறியில் ஐந்தாம் வரிசைக்குக் கீழே இருந்ததற்கும்
ஐஸ் என்றுதான் பெயர்.
அது கரையாது.

துவக்குத் தரவில்லை, சொற்கள் தந்தார்கள்.
"உன்னை அங்கே ஒருவருக்கும் தெரியாது"
என்றார் பொறுப்பதிகாரி, சிங்களத்தில்.
அப்புத்தளையில், லயத்தில் பிறந்த வாய்
ஒரு தரம் "அப்புறம்" என்றால் போதும்,
கதை முடிந்துவிடும்.
கொப்பியில் எழுதிப் பாடமாக்கினேன்:
அப்புறம் என்றால் மறுகா.
திரும்பு என்றால் கிறுகு.
குளிக்கும்போதும் மறுகா, மறுகா என்று
தண்ணீருக்குச் சொன்னேன்.

மூன்றாம் நாளே பிடித்துவிட்டான் டிலக்சன்,
தராசில் நிற்கிற பெடியன், பதினெட்டு வயது.
"அண்ணன், நீ மலைநாடுதானே?"
ஐஸ் குத்துகிற கம்பி கையிலேயே நின்றது.
"மறுகாவை நீ மெல்லமாச் சொல்றாய்,
இரவல் சைக்கிள் ஓடுற மாதிரி."
பிறகு அவனே எனக்கொரு கதையும் கட்டினான்:
"பொம்பிளப் பிரச்சினைதானே? ஓடி வந்திட்டாய்."
நான் குனிந்தேன். அதுவே போதுமாயிருந்தது.
"பேச்சியம்மனாண, ஆருக்கும் சொல்லன்" என்றான்.
சொல்லவுமில்லை.
பிளேன்டீ குடிக்கிற நேரமெல்லாம்
என் சொல்லுகளைத் திருத்தினான்,
காசு வாங்காமல்.

சம்மாட்டி அருள்சீலன் ஒருநாள்
பல்பு கண்ணாடியை நீட்டினார்.
"இழுடா. இழுக்காதவன நான் நம்புறல்ல."
இழுத்தேன்.
அன்றிரவு ஓட்டமாவடிப் பாலத்து விளக்குகளை
எண்ணி எண்ணி விடிந்தது.
அறிக்கையில் அது ஒரு வசனம்:
சந்தேகநபர்களின் நம்பிக்கையைப் பெற்றேன்.

தகவல் அனுப்ப எனக்கு ஒரு வழி இருந்தது.
ஒரு நம்பருக்குத் தொண்ணூற்றேழு ரூபாய் ரீலோட் போட்டால்
இன்றிரவு போட் வருகிறது.
கடைப் பிள்ளை கேட்பாள்,
"தொண்ணூற்றேழுக்கு என்னதான் கதைப்பீங்க?"

சோளகம் விழுந்த ஒரு வெள்ளிக்கிழமை
ரீலோட் போட்டேன்.
லைட் இல்லாமல் ஜீப் வந்தது.
எனக்கும் அடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு,
நன்றாகவே அடித்தார்கள்.
மீன் தண்ணியில் முகம் குப்புறக் கிடந்தபோது
பக்கத்திலிருந்து ஒரு குரல்:
"அண்ணன், வேலிக்கால பாஞ்சு ஓடு.
எங்களுக்கு வீட்டாக்கள் வருவாங்க.
உனக்கு இஞ்ச ஆரிருக்கா?"

நான் ஓடவில்லை.
தன்னை விட்டுப் போக மனமில்லாமல் கிடக்கிறேன்
என்று நினைத்திருப்பான்.
கையைத் தேடி ஒருதரம் பிடித்தான்.
செதில் ஒட்டிய கை.

பத்து மாதம் கழித்து நீதிமன்றத்தில்
சீருடையோடு நின்று என் பெயரைச் சொன்னேன்:
முத்துவேல் ஜெயபாலன், இலக்கம் இன்னது.
சம்மாட்டி மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தார்.
டிலக்சன் என்னைத்தான் பார்த்தான்,
பெயர் எனக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதுபோல.
அதன் பின்னர், அதன் பின்னர் என்று
ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன்.
அந்த ஒரு சொல்லை மட்டும்
நாக்குக்கு அடியில் வைத்திருந்தேன்.
கூட்டில் ஏழு பேர். ஏழு பேருக்கும் விளக்கமறியல்.

இடமாற்றம் கிடைத்து வீட்டுக்கு வந்து
நாலு நாள் இருக்கும்.
லயத்தில் தண்ணி வராத கதையை
மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள்.
"மறுகா?" என்றேன்.
மெதுவாக அல்ல.
"அது என்னங்க பேச்சு? யாரு சொல்லிக் குடுத்தா?"

"நாலாம் எதிரி."

சிரித்தாள்,
யாரோ கூட்டாளியின் பட்டப்பெயர் என்று நினைத்து.