ஃப்ரீவீல் இல்லாதது

ஷெஃபீல்டில் அந்த வண்டியை யாரும் வாங்க மாட்டார்கள்.
ஊரோ ஏழு குன்றுகளின் மேல்;
வண்டிக்கு ஒரே கியர், அதிலும் ஃப்ரீவீல் கிடையாது.
சக்கரம் சுற்றும்வரை பெடல் சுற்றும்,
பெடல் சுற்றும்வரை கால்.
பதினெட்டு பவுண்டுக்குத் தந்தான் கிரெக் ஆலரன்ஷா,
கூடவே, கேட்காமலே, ஒரு சுருள் பேண்டேஜ்.

எண்பத்து நாலு, மே மாதம்.
க்ரூக்ஸ் மேட்டிலிருந்து இறங்கும்போது
பழக்கதோஷத்தில் கால்களுக்கு ஓய்வு கொடுத்தேன்.
வண்டி கொடுக்கவில்லை.
ஒரு மதில், ஒரு கணம் வானம், பிறகு
யாரோ ஒருத்தியின் ருபார்ப் பாத்தி.
தலை நிறையச் சுருள் கிளிப்புகளோடு
ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:
"வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?"

ஏற்றத்தில் எல்லா வண்டியும் ஒன்றுதான்.
இறக்கத்தில்தான் தெரியும் இது யார் என்று.
ஓடு ஓடு என்று அது துரத்த
பொறு பொறு என்று தொடையால் அதட்டி,
சல்வார் காலை ரப்பர் பேண்டால் கட்டி,
ராத்திரி ஷிஃப்ட் முடிந்து
ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து
ஈரத் தெருவில் வீடு வந்து சேர்வேன்.

சிவப்பு விளக்கில் தரையில் கால் ஊன்றாமல்
அரை அங்குலம் முன்னே, அரை அங்குலம் பின்னே,
நின்றபடி ஓடிக்கொண்டிருப்பேன்.
பேருந்தின் மேல்தளத்தில் பள்ளிப் பிள்ளைகள்
எண்ணுவது தெரியும், கண்ணாடிக்குப் பின்னால் வாயசைவாக:
இருபத்தொன்று, இருபத்திரண்டு...
நாற்பதைத் தாண்டியது ஒரே ஒரு தரம்.
அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை.

நூலக வாசலில், பூட்டோடு, திருட்டுப் போயிற்று.
எடுத்தவன் முதல் இறக்கத்தில்
எங்கே போய் விழுந்திருப்பான் என்று
ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தது.
அதற்கப்புறம் கவலையாக.

இப்போது மின்சார சைக்கிள். பொத்தானை அமுக்கினால்
குன்றே குனிந்து வழிவிடுகிறது.
இறக்கத்தில் டிக்டிக்கென்று ஃப்ரீவீல்
சும்மா உட்கார் என்கிறது.
உட்கார்கிறேன்.
க்ரூக்ஸ் வளைவில் மட்டும்
வலது தொடை தானாக இறுகி
இல்லாத எதையோ பின்னுக்கு இழுக்கிறது.
பெடல் வழுக்கி வெறுமனே பின்னால் சுற்றுகிறது.
இன்னொரு படி இருக்கிறதென்று
இருட்டில் கால் வைத்துவிட்ட மாதிரி.

அந்த மதில் இருக்கிறது. ருபார்ப் இல்லை,
அங்கே ஒரு சாம்பல் நிறக் கார்.
மதிலின் மேல்வரிசையில் ஒரு கல் மட்டும் நிறம் வேறு.
அதை நான்தான் பெயர்த்தேன் என்பதற்கு
எந்த ஆதாரமும் இல்லை.
கடக்கும்போதெல்லாம்
ஒரு கையை எடுத்து மணி அடிக்கிறேன்.