பதினோரு மீட்டரில்

எங்கே வலிக்கிறது என்றார் டாக்டர் மெஹருன்னிசா.
இங்கே இல்லை என்றேன்.
திருவான்மியூரில், இந்த நாற்காலியில் வலிப்பதில்லை.
நீலாங்கரைக்கு நேர் கிழக்கே
படகில் முக்கால் மணி நேரம் போய்
பதினோரு மீட்டர் இறங்கினால் வலிக்கும்.

தட்டினார். குளிர்ந்த நீரைப் பீய்ச்சினார்.
எக்ஸ்ரேயில் உத்தமன் மாதிரி நின்றது பல்.

காது அடைத்தால்
மூக்கைப் பிடித்து ஊதலாம், டப்பென்று விடும்.
பல்லுக்கு ஏது மூக்கு?
போன தை மாதம் அடைத்த சிமெண்டுக்கு அடியில்
கடுகளவு போரூர்க் காற்று
வெளியே வர வழி தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது.
அதைத்தான் கடல்
மொத்த எடையோடு விசாரிக்கிறது.

காற்று தீர்ந்தால் சைகை உண்டு,
சுறாவுக்கு உண்டு.
கடைவாய்ப் பல்லுக்கு இல்லை.
கன்னத்தைத் தொட்டுக் காட்டினேன்.
என்ன நினைத்தானோ,
செலஸ்டினும் தன் கன்னத்தைத் தொட்டுச் சிரித்தான்,
முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தது.

கத்த முடியாது.
வாய் திறந்தால் ரப்பர் நழுவும்.
எந்தப் பல் வலிக்கிறதோ
அந்தப் பல்லால்தான்
மூச்சைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும்.
கண்ணுக்குக் கீழே, நெற்றி வரை
யாரோ கம்பி இழுப்பது போல.

பழையதைத் தோண்டி எடுத்துவிடலாம், என்றார் டாக்டர்.
பத்து நாள் கடல் வேண்டாம். சரியா?
வாயில் பஞ்சு.
விரலை வளைத்துச் சரி என்று காட்டினேன்.
பதிலுக்கு அவர்
கட்டைவிரலை உயர்த்தினார்.

எங்கள் பாஷையில் அதற்கு
மேலே போகலாம் என்று அர்த்தம்.