இடது கை எழுத்து

டுலூத்தில் அக்டோபர். ஏரிக்காற்று
மருந்துக்கடைக் கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தது.
சட்டைக் கழுத்தைச் சரித்து வலத்தோளை நீட்டினேன்.
கையை முழுக்க உருவ எனக்கும் சோம்பல்,
எமெட்டுக்கும் வரிசையில் ஒன்பது பேர்.
எலும்புக்கு இரண்டு விரல் கீழே இறங்கவேண்டிய ஊசி
எலும்போரத்திலேயே இறங்கிற்று.
"நாளைக்குக் கொஞ்சம் வலிக்கும்" என்றான்.
வலித்தது. நாளை. மறுநாள்.
துறைமுகம் உறைந்து கப்பல்கள் நின்ற ஜனவரி முழுக்க.

இருபத்தாறு வருடம்
ஊரார் தலைக்கு மேல் கை தூக்கிப் பிழைத்தவள் நான்.
இப்போது சீப்பு தலைக்கு வராது.
குனிந்து
தலையைச் சீப்பிடம் கொண்டுபோகிறேன்.

வழக்கறிஞர் அம்மா வலியைக் கேட்கவில்லை, தேதியைக் கேட்டாள்.
ஊசிக்கும் வலிக்கும் நடுவில்
நாற்பத்தெட்டு மணி நேரம் தாண்டக்கூடாதாம்.
ஆறு மாதத்துக்குள் ஆறியும் போயிருக்கக்கூடாதாம்.
நான் மருத்துவரிடம் போனதோ ஐந்து வாரம் கழித்து.
"அதுவரை யாரிடமாவது சொன்னீர்களா?"
நாயிடம் சொன்னேன்.
அவள் எழுதிக்கொள்ளவில்லை.

கடைசியில் அகப்பட்டது கடையின் முன்பதிவு நோட்டு.
செவ்வாய் வரை என் எழுத்து, சாய்ந்து, அவசரமாய்.
புதன் காலை, முதல் வரி:
திருமதி கிவினென், பத்து மணி, சாயம்.
ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுதியதுபோல்,
ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாய் நடுங்கிக்கொண்டு.
அவள் அந்த வரியில் விரலை வைத்தாள்.
வெகுநேரம் எடுக்கவில்லை.

எதிர்த்தரப்பு வாஷிங்டனில், அரசாங்கம்.
தாள்களில் எமெட் மேல் குற்றம் எதுவும் இல்லை.
நல்லதுதான், மாதாமாதம்
அவனுக்கு முடி வெட்டியவள் நான்.
மூன்று குளிர்காலம் கழித்துக் காசோலை வந்தது.
வலிக்கு இவ்வளவு, வராத கூலிக்கு இவ்வளவு.
ஈடு என்று எழுதியிருந்தார்கள்.
கூட்டிப் பார்த்தேன், கணக்கு சரி.
உறையை அடுப்பலமாரியின் மேல்தட்டில் வைக்கப் போய்
பாதியில் நின்றேன்.
கீழ்த்தட்டில் வைத்தேன்.

இந்த அக்டோபரிலும் போனேன்.
அக்காள் போன குளிரில் சளிக்காய்ச்சலில் செத்தாள்,
போகாமல் எப்படி.
இடக்கையைச் சட்டையிலிருந்து முழுக்க உருவினேன்.
எமெட் எலும்பைத் தொட்டு, விரல் வைத்து அளந்தான்,
ஒருமுறை, மறுபடியும் ஒருமுறை.
இருவரும் பேசவில்லை.
பஞ்சை எடுக்கத் திரும்பினான்.
பின்கழுத்தில் முடி கோணலாக இருந்தது.
யாரோ வெட்டியிருக்கிறார்கள்,
இடப்பக்கம் கொஞ்சம் தூக்கி.