மிதியடி

முதலில் ஒரு நறநற.
தூக்கத்தில் பல் கடிக்கும் ஆளின் பக்கத்தில்
படுத்திருப்பதுபோல.
ஹெப்பாள் மேம்பாலத்தில் நெரிசல் இறுகி
மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால்
குச்சி என் கையைத் திருப்பித் தள்ளும்.
ரிவர்ஸ் போட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

இந்த ஊரில் நாலாவது கியர் ஓர் அலங்காரம்.
ஐந்தாவது, வதந்தி.
ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு என்று
பள்ளிக்கூட டிரில் போலத்தான் பிழைப்பு.
அதில் இரண்டு பழுதென்றால்
பாதி நாள் பழுது.

வேகன்ஆரை எனக்கு விற்றவர் சோமசேகர ராவ்.
ஜாலஹள்ளி, ரிட்டையர்டு, ஒரே ஓனர்,
பின்சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்காதவர்.
மூன்று மாதம் அவரைத் திட்டினேன்.
டின் ஃபேக்டரி சிக்னலில் தினமும் தனி அர்ச்சனை.
போனில் அவர் எண்ணுக்குப் பெயர் மாற்றினேன்:
கியர்பாக்ஸ் கள்ளன்.
ஒருநாள் கூப்பிட்டே கேட்டுவிட்டேன்,
தெரிந்துதானே என் தலையில் கட்டினீர்கள் என்று.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு, "செனாகித்து அல்லவா அம்மா" என்றார்.
நன்றாகத்தானே இருந்தது.
வைத்துவிட்டேன்.

சர்வீஸ் சென்டரில் காபி நன்றாக இருந்தது.
"சிங்க்ரோ ரிங் போச்சு மேடம்,
பெட்டியை இறக்கணும்,
இருபத்தாறாயிரம், ஜிஎஸ்டி தனி."
ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை அந்தப் பையன்.

கலாசிபாளையம் பின்சந்தில்
ஈரண்ணா கேட்ட முதல் கேள்வி:
"எஞ்சின் ஆஃப்ல போட்டுப் பாத்தியா?"
பார்த்ததில்லை.
சாவியைத் திருப்பி அணைத்தார்.
ஒன்று. இரண்டு. மூன்று. ரிவர்ஸ்.
வெண்ணெயில் கரண்டி.

"பெட்டி நல்லாருக்கு. கிளட்ச் முழுசா விடல.
சுத்திட்டிருக்கறதுக்கு வாயில பல்லக் குடுத்தா
கடிக்காம கொஞ்சுமா?"

பிறகு என் இடது செருப்பைப் பார்த்தார்.
செருப்புக்குக் கீழே பார்த்தார்.
ஜேசி ரோட்டில் அரை மணிநேரம் பேரம் பேசி
நான் வாங்கிய மிதியடி,
தேன்கூட்டுத் தையல், ஒயின் நிறம்.
அதன் கீழே கம்பெனி கொடுத்த ரப்பர்.
அதற்கும் கீழே, மழைச்சேற்றுக்குப் பயந்து
மடித்துவைத்த ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர்,
விளம்பரப் பக்கங்களோடு முழுசாக.
ஒன்றரை அங்குலம்.
அடிவரை மிதித்தேன் என்று நான் நினைத்த
ஒவ்வொரு முறையும்
அடி இன்னும் கீழே இருந்திருக்கிறது.

மூன்றையும் உருவி வெளியே எறிந்தார்.
கேபிளின் நட்டை இரண்டு சுற்று முறுக்கினார்.
இழுத்து இழுத்து அதுவும் தளர்ந்திருந்தது.
எதற்கும் ஆயில் மாத்திடலாம் என்றார்.
பழையது கரிய நூலாக டப்பாவில் இறங்கியது.
விரலில் தொட்டு வெயிலில் காட்டினார்.
வெள்ளித் தூள்.
ஜிகினா மாதிரி, அழகாகத்தான் இருந்தது.

டாஷ்போர்டுப் பெட்டியில்
கிளிப் போட்ட ஒரு கட்டு பில்.
வாங்கிய நாளிலிருந்து நான் பிரித்துப் பார்க்காதது.
கடைசி பில், கியர் ஆயில் மாற்றியது,
எனக்கு விற்பதற்கு முந்தின வாரம்.
அப்படியென்றால் இந்தத் தூள்
யார் அரைத்தது என்று
ஈரண்ணா கேட்கவில்லை.
ஆயிரத்து நானூறு கேட்டார்.

மேம்பாலத்தில் இரண்டுக்கு இறக்கினேன்.
சத்தமே இல்லை.
சத்தமில்லாததைக் கேட்டுக்கொண்டே
ஒரு ஆட்டோவை இடிக்கப் பார்த்தேன்.

வீட்டுக்குக் கீழே நிறுத்தி,
முதலில் போனில் பெயரைத் திருத்தினேன்.
பிறகு கூப்பிட்டேன்.
பேப்பர் சமாச்சாரம்வரை எல்லாம் சொன்னேன்.
சிரித்தார். இருமினார்.
"ஹோக்லி, பிடி" என்றார்.
என் மொழியில் பிடி என்றால் பிடிப்பது.
அவருடையதில், விட்டுவிடுவது.

இப்போதும் டிசம்பர் விடியலில்
முதல் தடவை மட்டும், இரண்டில் விழும்போது
ஒரு சின்ன நற.
அது அவர் கொடுத்தது இல்லை.